ரூட் போட்டது ஒன்று, வண்டி போனது ஒன்று: பைக் பயணத்தில் வழி குழம்பினால் எங்கே பார்ப்பது

இரண்டு இரவு கண் விழித்துப் போட்ட ரூட், முதல் நாள் காலை பதினோரு மணிக்கெல்லாம் காலை வாரிவிடும். உடனே எல்லாரும் போனைத் திட்டுவோம். நானும் நிறையத் திட்டியிருக்கிறேன். ஆனால் சாயங்காலம் அறையில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் நாம் அதற்குக் கொடுத்ததில்தான் இருக்கும். நாம் ஒரு சாலையைக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருப்போம். அதன் கைக்குப் போயிருப்பது நாலைந்து புள்ளிகள் மட்டும். புள்ளி வைத்தது நாம், கோலம் போட்டது அது.

கீழே ஒவ்வொரு தொல்லையாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ நேராக அங்கே போங்கள். முதல் இரண்டை மட்டும் எல்லாரும் படித்துவிடுவது நல்லது, ஏனென்றால் மற்றவற்றில் பாதி அங்கிருந்துதான் கிளைக்கின்றன.

## "கணினியில் போட்ட ரூட் வேறு, ஹேண்டில்பாரில் காட்டுவது வேறு"

முதலில் உங்கள் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஜிபிஎக்ஸ் என்பது வழித் தகவலை ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் கோப்பு. அதில் மூன்று வகைச் சரக்கு இருக்கலாம்: தனித்தனி இடங்கள், ரூட், ட்ராக். பலருக்கு ரூட்டும் ட்ராக்கும் ஒன்றுதான் என்ற எண்ணம். அங்கேதான் வினை.

ரூட் என்றால் சில புள்ளிகள், அவற்றின் வரிசை, அவ்வளவுதான். இரண்டு புள்ளிக்கு நடுவே எந்தச் சாலை என்பதை ஹேண்டில்பாரில் இருக்கும் கருவி (போனோ, தனி ஜிபிஎஸ் பெட்டியோ) தன்னிடம் உள்ள வரைபடத்தை வைத்து மறுபடியும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும். கணினியில் ஒரு வரைபடம் இருக்கும், கருவியில் அதன் இரண்டு வருடப் பழைய பதிப்பு இருக்கும். கணினியில் 'குறைந்த நேரம்', கருவியில் 'குறைந்த தூரம்'. அங்கே சுங்கச் சாலையைத் தவிர் என்று டிக் போட்டிருப்பீர்கள், இங்கே போட்டிருக்க மாட்டீர்கள். இவற்றில் ஒன்று மாறினாலும் கோடு வேறு பக்கம் போகும். ட்ராக் அப்படி இல்லை. கொஞ்ச தூரத்துக்கு ஒரு புள்ளியாக ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்த கோடு அது, கருவி அதை அப்படியே வரைந்து காட்டும், மாற்றாது. ஆனால் பல கருவிகளில் ட்ராக்கை வைத்துக்கொண்டு 'அடுத்த சந்திப்பில் வலப்புறம்' என்ற குரல் வராது, நீங்களே கோட்டைப் பார்த்து ஓட்டவேண்டும்.

அதனால் நான் எப்போதும் இரண்டையும் ஏற்றிக்கொள்வேன். ரூட் பேசும், ட்ராக் அதன் அடியில் வேறு நிறத்தில் கிடக்கும். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போகும் வரை கவலை இல்லை. எங்காவது பிரிந்தால், கருவி தன் இஷ்டத்துக்கு ஏதோ செய்கிறது என்று அர்த்தம். கிளம்புவதற்கு முந்தைய இரவே இதை விரலால் நகர்த்திப் பார்த்துவிடலாம், பத்து நிமிட வேலை.

பிரிகிற இடத்தில் ஒரு புள்ளி கூடுதலாக வையுங்கள். சந்திப்பின்மேலேயே வைக்காதீர்கள். நீங்கள் விரும்பும் சாலைக்குள் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி வையுங்கள். சந்திப்பில் வைத்த புள்ளி எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று எதையுமே சொல்வதில்லை. சாலைக்குள் வைத்த புள்ளிக்கு வேறு வழியாகப் போய்ச் சேர்வது கஷ்டம்.

கூகுள் மேப்ஸை மட்டும் நம்பிப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. கணினியில் நீலக் கோட்டை இழுத்து வளைத்துப் போட்ட அழகெல்லாம் போனுக்கு அனுப்பும்போது அப்படியே வரும் என்று நம்பாதீர்கள், போன் புதிதாகக் கணக்குப் போட்டுவிடும். நடுவில் சேர்க்கக்கூடிய இடங்களும் பத்துக்குள் அடங்கிவிடவேண்டும். வளைவான சாலையாகப் பார்த்துப் பார்த்து ஒரு நாள் ரூட் போட்டால் பத்து எந்த மூலைக்கு? ஒன்று, காலை, மதியம், மாலை என்று மூன்று ரூட்டாக வெட்டுங்கள். இல்லையென்றால் கர்விகர், கலிமோட்டோ, ஆஸ்ம்ஆண்ட் மாதிரி ஜிபிஎக்ஸ் எடுத்துக்கொள்ளும் செயலிக்கு மாறுங்கள். மூன்றாக வெட்டுவது எனக்குப் பிடித்த வழி. ஒரு துண்டு கெட்டாலும் மற்ற இரண்டும் பிழைக்கும்.

## "யு டர்ன் எடுக்கவும், யு டர்ன் எடுக்கவும் என்று நச்சரிக்கிறது"

இது கருவிக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி தெரியும். பிடிக்கவில்லை. நீங்கள் ஒரு புள்ளியைத் தொடாமல் தாண்டி வந்துவிட்டீர்கள், அது அந்தப் புள்ளிக்கே திரும்பக் கூப்பிடுகிறது.

ஒருமுறை ஆறு வண்டிகள் கிளம்பினோம், ரூட் போட்டது நான்தான். நெடுஞ்சாலையிலேயே நேராகப் போகவேண்டிய இடத்தில் திடீரென்று வெளியேறச் சொன்னது. ஏதோ குறுக்கு வழி போலிருக்கிறது என்று வெளியேறினோம். ஏழு கிலோமீட்டர் சுற்றி ஒரு மேம்பாலத்தில் ஏற்றியது. பாலத்தின் நட்டநடுவில் 'இடத்தை அடைந்துவிட்டீர்கள்' என்றது, மூச்சு விடுவதற்குள் 'யு டர்ன் எடுக்கவும்' என்றது. எட்டிப் பார்த்தால் கீழே ஓடுவது நாங்கள் விட்டு வந்த அதே நெடுஞ்சாலை. பின்னால் ஐந்து பேரும் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னையே பார்க்கிறார்கள். அன்று இரவு பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நான் வைத்த புள்ளி நெடுஞ்சாலையில் உட்காரவில்லை, அதைக் குறுக்கே தாண்டும் பாலத்தில் போய் உட்கார்ந்திருந்தது. முழு மாநிலமும் திரையில் தெரிகிற அளவில் புள்ளி வைத்தால் இப்படித்தான், அந்த அளவில் இரண்டு சாலையும் ஒரே கோடு.

அதனால் ஒவ்வொரு புள்ளியையும், சோம்பல் படாமல், சாலையின் இரண்டு ஓரமும் தனித்தனியாகத் தெரியும்வரை பெரிதாக்கிப் பாருங்கள். மூன்று விஷயம் கவனிக்கவேண்டும். பிரிந்து ஓடும் நால்வழிச் சாலையில் எதிர்த் திசைப் பக்கம் உட்கார்ந்துவிட்டதா? அப்படியென்றால் அடுத்த திறப்பு வரை போய்த் திரும்பி வந்து அதைத் தொட்டுவிட்டு மறுபடியும் திரும்பச் சொல்லும். சாலையை விட்டு விலகி ஏதாவது வீட்டு வாசலிலோ பெட்ரோல் பங்க் வளாகத்துக்குள்ளோ விழுந்திருக்கிறதா? ஒரு ஊரின் பெயரைத் தட்டிச் சேர்த்தீர்களா? ஊர்ப் பெயர் கொடுத்தால் ஊரின் நடு மையம்தான் புள்ளி. புறவழிச் சாலையில் ஐந்து நிமிடத்தில் தாண்டவேண்டிய ஊருக்குள் கொண்டுபோய்க் கடைவீதியில் நிறுத்தும்.

அடுத்தது புள்ளியின் வகை. கார்மின் போன்ற தனி ஜிபிஎஸ் கருவிகளில் புள்ளிகள் இரண்டு ஜாதி. ஒன்று நிற்கும் புள்ளி: அதைத் தொட்டே ஆகவேண்டும், வந்ததும் அறிவிக்கும், தவறவிட்டால் திரும்பக் கூப்பிடும். இன்னொன்று வடிவப் புள்ளி: ரூட்டை அந்தச் சாலை வழியாக இழுத்து வளைப்பதற்கு மட்டும், சத்தம் போடாது. சாப்பாடு, பெட்ரோல், தங்கும் இடம் இவற்றை மட்டும் நிற்கும் புள்ளியாக வைத்து, மற்ற எல்லாவற்றையும் வடிவப் புள்ளியாக மாற்றிவிடுங்கள். ஒரு நாளைக்கு நிற்கும் புள்ளி ஐந்து இருந்தால் அதிகம்.

சாலையில் மாட்டிக்கொண்டால்? ஓரமாக நிறுத்துங்கள். அடுத்த புள்ளியைத் தவிர்க்கும் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். இல்லையென்றால் ரூட்டை நிறுத்திவிட்டு, கடைசியாக வரும் நிற்கும் புள்ளிக்கு மட்டும் புதிதாக வழி கேளுங்கள். வழி தவறினால் தானே மாற்றுக் கணக்குப் போடும் வசதியை 'கேட்டுவிட்டுச் செய்' என்று வைத்துக்கொள்வது என் பழக்கம். முழுக்க அணைத்துவிட்டால் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டதும் ஊமையாகிவிடும். முழுக்க விட்டுவிட்டால் பெட்ரோலுக்கு ஒதுங்கிய இரண்டு நிமிடத்தில் ரூட்டையே மாற்றிவிடும்.

## "தார் சாலை முடிந்து மண் சாலையில் கொண்டுபோய் விட்டது"

'குறைந்த தூரம்' என்ற அமைப்பு எங்காவது டிக் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நூறு மீட்டர் மிச்சம் என்றால் வயல் வரப்பில்கூட ஏற்றிவிடும் அமைப்பு அது. 'வளைவான சாலை' என்பதை உச்சத்தில் வைத்தாலும் இதே கதைதான்.

மண் சாலையைத் தவிர் என்று டிக் போட்டும் இப்படி நடந்தால், தவறு வரைபடத்தின் தகவலில் இருக்கிறது. தன்னார்வலர்கள் வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை வைத்து ஓடும் செயலிகளுக்கு, அந்தச் சாலையை வரைந்தவர் அது தாரா மண்ணா என்று குறித்திருந்தால்தான் தெரியும். குறிக்காமல் விட்ட சாலைகள் ஏராளம். குறிப்பு இல்லாத சாலையைச் செயலி பொதுவாக நல்ல சாலை என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே டிக் போட்டதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

எண்ணோ பெயரோ இல்லாத மெல்லிய கோடு ரூட்டில் வந்தால் சாட்டிலைட் படத்துக்கு மாற்றிப் பாருங்கள். தார் சாம்பலாக, ஓரம் நேராக, சீரான அகலத்தில் தெரியும். மண் வெளிறி, ஓரம் கலைந்து, சில இடங்களில் நடுவில் புல் கோடு ஓடும். ஆற்றைத் தாண்டும் இடத்தில் பாலம் இருக்கிறதா அல்லது சாலை நீருக்குள் இறங்கி அந்தப் பக்கம் ஏறுகிறதா என்பதையும் பாருங்கள். தெருப் படம் (ஸ்ட்ரீட் வியூ) இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அது எடுக்கப்பட்ட வருடத்தைப் பாருங்கள்.

மண்ணில் இறங்கிவிட்டீர்கள் என்றால், 'இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே' என்ற வார்த்தையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நிறுத்தி, தனியாக ஒரு வண்டியை, சுமை குறைந்த வண்டியை, முன்னால் அனுப்பிப் பாருங்கள். இறங்குவது சுலபம், பெட்டி கட்டிய 200 கிலோ வண்டியை அதே சரிவில் திருப்புவது சுலபமில்லை.

## "குறித்த இடத்துக்கே வந்துவிட்டேன், இங்கே ஒன்றுமே இல்லை"

யாராவது அனுப்பிய அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தட்டினீர்களா? 11°30′ என்று இருந்ததை 11.30 என்று போட்டிருப்பீர்கள். 60 கலை (மினிட்) ஒரு பாகை (டிகிரி), ஆகவே சரியான எண் 11.5. இந்த 0.2 பாகை வித்தியாசம் வடக்கு தெற்காகச் சுமார் 22 கிலோமீட்டர். இரண்டு எண்ணும் இடம் மாறியிருக்கலாம். கூகுள் மேப்ஸில் அட்சரேகை முதலில், கூகுள் எர்த்தின் கேஎம்எல் கோப்பில் தீர்க்கரேகை முதலில். கடலுக்கு நடுவில் புள்ளி விழுந்தால் சந்தேகமே வேண்டாம், மாற்றிப் போடுங்கள்.

## "நீலப் புள்ளி உறைந்துவிட்டது" அல்லது "பக்கத்துச் சாலைக்குத் தாவுகிறது"

இரண்டும் வேறு வேறு நோய்.

உறைந்துவிட்டால்: ஜிபிஎஸ்ஸுக்கு மொபைல் சிக்னல் தேவையில்லை. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்புவதைப் போன் சும்மா கேட்டுக்கொள்கிறது, நான்கு கிடைத்தால் போதும். சிக்னல் இல்லாத மலையில் புள்ளி நகர்கிறது, ஆனால் சுற்றிலும் வெறும் கட்டம் தெரிகிறது என்றால், போனது வரைபடம். முன்கூட்டியே ஆஃப்லைன் மேப் இறக்கவில்லை என்று பொருள். இறக்கியிருந்தும் வழி சொல்லவில்லையா? கூகுளில் தொடக்கம் முதல் முடிவு வரை முழு ரூட்டும் இறக்கிய பகுதிக்குள் அடங்கியிருக்கவேண்டும், ஒரு மூலை வெளியே போனாலும் வழி வராது. ஆஃப்லைனில் போக்குவரத்து நெரிசலும் மாற்று வழியும் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வரைபடம் இருக்கிறது, புள்ளிதான் நகரவில்லை என்றால், பேட்டரி சேமிக்கும் அமைப்பு செயலியைத் தூங்கவைத்திருக்கும். அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, இருப்பிட அனுமதியில் துல்லியமான இருப்பிடம் என்பதை இயக்குங்கள். விமானப் பயன்முறையிலோ அணைந்தோ வெகுநேரம் கிடந்த போனைச் சிக்னல் இல்லாத இடத்தில் எழுப்பினால், முதல் இருப்பிடம் கிடைக்கக் கொஞ்சம் நேரமாகும். இணையம் இருந்தால் செயற்கைக்கோள்களின் நிலையை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் ஒவ்வொரு செயற்கைக்கோளிடமிருந்தும் அரை நிமிடமாவது தடைபடாமல் கேட்கவேண்டும். திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், பிடித்துவிடும்.

தாவுகிறது என்றால்: திறந்த வானத்தின் கீழ் போனின் துல்லியம் சுமார் 5 மீட்டர். பிரதான சாலைக்கும் சர்வீஸ் ரோடுக்கும் நடுவே இருப்பதே சில இடங்களில் அவ்வளவுதான். உயர்ந்த கட்டடங்களும் பாறைச் சுவர்களும் இருந்தால் அலை அவற்றில் பட்டுத் திரும்பி இன்னும் மோசமாகும். மேலும் கீழுமாகச் சாலைகள் ஓடும் மேம்பாலத்தில், இருப்பது மேல் சாலையா கீழ்ச் சாலையா என்றே போனுக்குத் தெரியாது. இதற்கு அமைப்பில் மருந்து கிடையாது. பெரிய சந்திப்புகளில் பலகையை நம்புங்கள், திரையை நம்பாதீர்கள்.

நிற்கும்போது மட்டும் அம்பு தலைகீழாகக் காட்டினால் டேங்க் பேக்கில் காந்தம் இருக்கிறதா பாருங்கள். போனின் திசைகாட்டியை அதுதான் குழப்புகிறது. பத்து மீட்டர் நகர்ந்தால் தானே சரியாகிவிடும்.

## "போன் கொதிக்கிறது, சார்ஜ் ஏறவில்லை"

வெயில், முழு வெளிச்சத்தில் திரை, ஜிபிஎஸ், சார்ஜ் ஏறும் சூடு, இதற்கு மேல் மழைக்காகப் போட்ட பிளாஸ்டிக் உறை. போன் எப்படித் தாங்கும்? ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் வெப்ப வரம்பு 0 முதல் 35 டிகிரி. நல்ல வெயிலில் நிறுத்தி வைத்த வண்டியில் அது எப்போதோ தாண்டிவிட்டது. சூடேறினால் போன் முதலில் திரையை மங்கலாக்கும், பிறகு சார்ஜை நிறுத்தும், கடைசியில் தன்னையே அணைத்துக்கொள்ளும். எனவே சார்ஜ் ஏறவில்லை என்றதும் கேபிளை மாற்றிப் பார்ப்பதற்கு முன் போனைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதென்றால் உறையைக் கழற்றி, கேபிளைப் பிடுங்கி, திரையை அணைத்து, குரலை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள், காற்றே ஆற்றிவிடும். தண்ணீர் ஊற்றவோ ஐஸ் வைக்கவோ வேண்டாம்.

சூடு இல்லாமலும் ஏறவில்லையா? சார்ஜரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 5 வோல்ட் 1 ஆம்பியர் என்றால் மொத்தமே 5 வாட்தான், வழிகாட்டும் போன் கிட்டத்தட்ட அவ்வளவையும் குடித்துவிடும், மிச்சம் ஏறுவதற்கு ஒன்றும் இருக்காது. 2 ஆம்பியரோ அதற்கு மேலோ தருவதாக மாற்றுங்கள். மாற்றும்போது சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஒயரில், ஃப்யூஸ் போட்டு இணைக்கச் சொல்லுங்கள். பேட்டரியில் நேரடியாக மாட்டிவிட்டு மூன்று நாள் கழித்து வண்டி கிளம்பவில்லை என்று புலம்பியவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இரண்டு பேர்.

கேமரா மங்கலாகிவிட்டது என்பது இன்னொரு புகார். அதிக சக்தி கொண்ட மோட்டார்சைக்கிள் என்ஜினின் அதிர்வு கேமராவின் நிலைநிறுத்தும் பாகத்தைக் கெடுக்கலாம் என்று 2021-இல் ஆப்பிளே எச்சரித்தது. அதிர்வு தாங்கும் மவுண்ட் போடுங்கள், அல்லது டிராயரில் தூங்கும் பழைய போனை வழி காட்டும் வேலைக்கு வையுங்கள். நான் இரண்டாவது கட்சி.

## "மழையில் திரை தானாகவே அமுங்குகிறது", "குரல் பாதிதான் கேட்கிறது"

விரலும் மழைத்துளியும் அந்தத் திரைக்கு ஒன்றுதான். மழை வந்தால் திரையைப் பூட்டுங்கள், குரலில் போங்கள். கூலிங் கிளாஸ் போட்டதும் திரை கறுப்பாகிவிட்டால் போன் கெடவில்லை, போலரைஸ்டு கண்ணாடியின் குணம் அது. போனைப் படுக்கைவாட்டில் திருப்பிப் பாருங்கள்.

குரலில் 'வலப்புறம்' என்பதில் 'புறம்' மட்டும் கேட்கிறதா? சத்தம் இல்லாத நேரத்தில் ஹெல்மெட் ப்ளூடூத் தூங்கிவிடுகிறது, எழுந்திருப்பதற்குள் முதல் அசை போய்விடுகிறது. மெல்லிய சத்தத்தில் ஏதாவது பாட்டு ஓடவிட்டால் தூங்காது. இன்டர்காமில் பேசும்போது மட்டும் வழி சொல்லும் குரல் வரவில்லை என்றால், இன்டர்காமின் முன்னுரிமை அமைப்பைப் பாருங்கள், பேச்சு மேலே இருக்கும், வழிகாட்டி கீழே இருக்கும்.

## "ஒரு நாளும் நேரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை"

எண்களை எடுத்துப் போட்டுப் பார்த்தால் எரிச்சலே வராது. செயலி 360 கிலோமீட்டர், 6 மணி நேரம் என்கிறது. அதாவது சராசரி 60. வளைவும் ஏற்றமுமான சாலையில் சுமையோடு போகும் வண்டிக்கு 45 வந்தால் நல்லது. ஓட்டும் நேரமே 8 மணி ஆகிவிட்டது. ஒன்றரை மணிக்கு ஒருமுறை கால் நீட்ட 15 நிமிடம் என்றால் ஐந்து தடவை, ஒன்றே கால் மணி. சாப்பாட்டுக்கு முக்கால் மணி. மொத்தம் 10. காலை எட்டுக்குக் கிளம்பினால் மாலை ஆறு. யாருக்கும் எதுவும் கெடாமல் போனால் மட்டும்.

அதனால் முதலில் பொழுது சாயும் நேரத்தை எழுதுங்கள், அதிலிருந்து ஒரு மணி நேரத்தைக் கழியுங்கள், அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்பது கடைசியில்தான் வரும். உங்கள் சொந்தச் சராசரி தெரியாவிட்டால் பழைய பயணம் ஒன்றின் ட்ராக்கைத் திறந்து, மொத்தத் தூரத்தைக் கிளம்பியது முதல் சேர்ந்தது வரையான நேரத்தால் வகுங்கள். வண்டி நகர்ந்த நேரத்தால் வகுத்தால் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்கிறீர்கள். கூட்டமாகப் போனால் இன்னும் குறையும். ஒருவர் பெட்ரோல் போட ஐந்து நிமிடம், ஆறு பேர் போட அரை மணி, அதில் ஒருவர் கையுறையைத் தேடுவார்.

## "டேங்க் காலி, பங்க் இன்னும் 40 கிலோமீட்டர்"

13 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 30 என்றால் 390 கிலோமீட்டர் என்று மனக்கணக்குப் போட்டிருப்பீர்கள். 2 லிட்டரை இல்லவே இல்லை என்று ஒதுக்குங்கள். பெட்டி, பின்னால் ஒருவர், எதிர்க்காற்று, ஏற்றம் எல்லாம் சேர்ந்து மைலேஜில் 15 சதவீதம் போகும் என்று வைத்தால் லிட்டருக்கு 25.5. ஆக 11 பெருக்கல் 25.5, சுமார் 280. இந்த 280-தான் உங்கள் எல்லை. கூட்டத்தில் மிகச் சிறிய டேங்க் யாருடையதோ அவருடைய எல்லைதான் எல்லாருக்கும். வரைபடத்தில் பங்க் இருக்கிறது என்பது அங்கே பெட்ரோல் இருக்கிறது என்று ஆகாது. ஆகவே ஆள் நடமாட்டமில்லாத பகுதிக்குள் நுழைவதற்கு முந்தைய பங்க்கை நிற்கும் புள்ளியாகப் போட்டு, பாதி டேங்க் இருந்தாலும் அங்கே நிரப்புங்கள்.

## "பாதிப் பேரைக் காணவில்லை"

எல்லாரிடமும் ஒரே ஜிபிஎக்ஸ் இருந்தும் பிரிந்துவிட்டீர்கள் என்றால் மேலே முதல் தொல்லைக்குத் திரும்புங்கள். ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு அமைப்பு, ஆளுக்கொரு கோலம். சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு: கிளம்பும் முன் ஒவ்வொருவரும் தங்கள் திரையில் காட்டும் மொத்தத் தூரத்தை வாய்விட்டுச் சொல்லட்டும். ஐந்து பேர் 312 என்று சொல்லி ஒருவர் 327 என்றால் பிரச்சினை அவரிடம்.

கருவியே வேண்டாம், எனக்கு இதைவிட நம்பிக்கையான முறை மூலையில் ஆளை நிறுத்துவது. ரூட்டில் திருப்பம் வரும் ஒவ்வொரு இடத்திலும் தலைவருக்கு அடுத்துப் போகிறவர் பாதுகாப்பாக ஓரத்தில் நின்று எந்தப் பக்கம் என்று காட்டுவார். கடைசி வண்டி வந்ததும் அதற்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த திருப்பத்துக்கு அடுத்தவர். தலைவரும் கடைசி ஆளும் மட்டும் மாறக்கூடாது, கடைசி ஆளைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியவேண்டும். நின்றவர் கடைசி ஆள் வரும்வரை அசையக்கூடாது, பசித்தாலும்.

## "சாலை மூடியிருக்கிறது"

கணவாய்களைத் தாண்டும் ரூட் என்றால் இது எதிர்பாராத விஷயமே இல்லை. ஐரோப்பாவின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம், வடக்குப் பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். பனி விழும் எந்த உயரத்துக்கும் இதே கதை. வீட்டில் பனிக்காலத்தில் உட்கார்ந்து கோடைக்கு ரூட் போடும்போது செயலி அந்தச் சாலையைத் தவிர்த்து எங்கோ சுற்றினால் அதற்கும் இதுதான் காரணம். பயணத் தேதியை மாற்றிக் கேட்க முடிந்தால் கேளுங்கள். இல்லையென்றால் கணவாயின் இரண்டு பக்கமும் இரண்டு ரூட்டாகப் போட்டு நடுவில் ஒட்டுங்கள்.

இரவே ஒரு மாற்று ரூட் போட்டுக் கருவியில் ஏற்றி வைத்திருங்கள். எந்தச் சந்திப்பில் முடிவெடுக்கவேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தடுப்புப் பலகைக்கு முன்னால் வந்து நிற்கும்போது பெரும்பாலும் அந்தச் சந்திப்பு முப்பது கிலோமீட்டர் பின்னால் இருக்கும்.

## "எல்லாம் போய்விட்டது, போன் செத்துவிட்டது"

கையால் எழுதிய வழிச் சீட்டு எங்கே? கால் தாள் போதும், டேங்க் பேக்கின் கண்ணாடி உறைக்குள், தடித்த பேனாவில், பெரிய எழுத்தில். ஒரு வரிக்கு ஒரு முடிவு: எத்தனையாவது கிலோமீட்டர், எந்தப் பக்கம், சாலை எண், பலகையில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர். 'கி.மீ. 84, இடது, பாலம் தாண்டியதும்.' இப்படிப் பன்னிரண்டு வரிக்குள் ஒரு நாள் அடங்கிவிடும். கிளம்பும்போது ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்க மறந்திருந்தால், ஓடோமீட்டரில் அந்த நேரத்து எண்ணைச் சீட்டின் தலையில் எழுதிக் கழித்துக்கொள்ளுங்கள். பென்சிலில் எழுதாதீர்கள், மதியத்துக்குள் உறையில் உரசி அழிந்துவிடும்.